லாரி விபத்துக்களும் ஓட்டுநர் படும் பாடும்

நாமக்கல் மாவட்டத்துக் கோழிப் பண்ணைகளில் இன்று சேகரிக்கப்படும் முட்டை சில தினங்களில் அயல் மாநிலத்துச் சந்தையில் விற்பனையாகிறது. மகாராஷ்டிரத்து வெங்காயம் நமது ஊர் வாரச் சந்தைக்கு வந்து சேருகிறது. உரம், சிமெண்டு, சமையல் எரிவாயு, ஆழ்துளைக் கிணற்றுக்குரிய குழாய்கள் ஆகிய அனைத்தும் லாரியின் மூலமே கிராமத்தை எட்டுகின்றன. கிராம அபிவிருத்தி என்று நாம் குறிப்பிடும் பணிகளுள் லாரியின் உதவியின்றி நடைபெறுவது ஒன்றேனும் உண்டோ என்பது ஐயமே. ஆயினும், அந்த லாரியைச் செலுத்தும் மனிதரைப் பற்றி நாம் சிந்திப்பது அரிது. விபத்து நேர்ந்த மறுநாள் பத்திரிகைச் செய்தியைப் படிக்கும்போதுதான் அவர் நம் நினைவுக்கு வருகிறார். அப்போதும் குற்றவாளியாகவே வருகிறார்.

விபத்துக்கள் ஏன் நிகழ்கின்றன, ஓட்டுநரை நெருக்கும் இன்னல்கள் யாவை, இவற்றைக் குறைக்கக் கிராமங்கள் ஆற்றக்கூடிய பணி என்ன என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

விபத்தின் அளவு

மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துக்கள் நிகழ்ந்தன. 1,68,491 பேர் உயிரிழந்தனர். அதே ஆண்டில் தமிழ்நாட்டில் 64,105 விபத்துக்களும் 17,884 மரணங்களும் ஏற்பட்டன. விபத்துக்களின் எண்ணிக்கையில் நமது மாநிலமே அவ்வாண்டு முதலிடத்தில் நின்றது. நாளொன்றுக்குச் சராசரியாக 49 உயிர்கள் என்று கணக்கிட்டால், இதன் கொடுமை எளிதில் விளங்கும்.

இவ்விபத்துக்கள் அனைத்தும் லாரிகளால் விளைந்தவை என்று கூற இயலாது. எனினும், நாட்டின் மொத்தச் சாலைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பங்கே உள்ள தேசிய நெடுஞ்சாலைகளில், மரணங்களில் நூற்றுக்கு 36 பங்கு நிகழ்ந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். நெடுஞ்சாலையே லாரியின் வாசஸ்தலம். அந்நெடுஞ்சாலை நம் கிராமங்களின் ஊடே செல்கிறது. பல சமயங்களில் லாரியை ஓட்டியவர் ஒரு கிராமத்தின் குடும்பத் தலைவர். அடிபட்டவர் மற்றொரு கிராமத்தின் குடும்பத் தலைவர். ஆதலின், இருபுறத்து இழப்பும் கிராமத்தின் இழப்பே.

தொழில் நடைபெறும் முறை

தமிழ்நாட்டில் லாரித் தொழில் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ஆகிய பகுதிகளில் வேரூன்றித் தழைத்துள்ளது. லாரிகளுக்குக் கூண்டு கட்டுவதில் நாமக்கல் தச்சர்களும் கொல்லர்களும் நாடெங்கும் பெயர் பெற்றவர்கள். திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் வடமாநிலங்கள் வரை செல்கின்றன. மானாவாரி விவசாயம் பொய்த்த காலங்களில் இத்தொழில் எத்தனையோ குடும்பங்களைத் தாங்கி நின்றது. கிளீனராகச் சேர்ந்து, ஓட்டுநராக உயர்ந்து, கடன் பெற்றுச் சொந்த லாரி வாங்கியவர்கள் இப்பகுதிகளில் பலர்.

லாரி உரிமையாளர்களிற் பெரும்பாலோர் ஐந்து வண்டிக்கு உட்பட்ட சிறு உரிமையாளர்களே. கடன் தவணை, இன்ஷூரன்சு, சாலை வரி, சுங்கச் சாவடிக் கட்டணம் ஆகியவை லாரி ஓடினாலும் நின்றாலும் பெரும்பாலும் குறைவதில்லை. டீசல் விலையும் அவர் கையில் இல்லை. லோடு கிடைப்பது புக்கிங் ஆபீசின் வாயிலாகவும் புரோக்கரின் வாயிலாகவும். வாடகையை நிர்ணயிப்பது சரக்கு அனுப்பும் வியாபாரியும் சந்தைப் போட்டியும். எனவே, வருமானத்தைப் பெருக்க உரிமையாளருக்கு எஞ்சியுள்ள வழிகள் இரண்டு: மாதத்தில் அதிக நடை ஓட்டுவது, ஒவ்வொரு நடையிலும் அதிகப் பாரம் ஏற்றுவது. விபத்தின் வித்து இவ்விரண்டிலும் அடங்கியிருக்கிறது.

இந்நெருக்கடி இறுதியில் ஓட்டுநரின் தலையில் இறங்குகிறது. பலருக்கு ஊதியம் நடைக் கணக்கிலோ, வாடகையில் ஒரு பங்காகவோ, ஓடிய கிலோ மீட்டருக்கு இவ்வளவு என்றோ கிடைக்கிறது. சரக்கு ஏற்றவும் இறக்கவும் கிடங்கு வாயிலில் ஒரு நாளோ இரண்டு நாளோ காத்துக் கிடந்தால், அந்நாட்களுக்கு உருப்படியான வருமானம் இல்லை. காத்திருந்த நேரத்தைச் சாலையில் ஈடு செய்ய வேண்டியவராகிறார் அவர்.

முற்காலத்தில் நெடுந்தூர லாரியில் இரண்டு ஓட்டுநர்களும் ஒரு கிளீனரும் செல்வது வழக்கம். தேசிய பர்மிட் பெற்ற லாரிகளில் இரண்டு ஓட்டுநர்கள் இருத்தல் வேண்டும் என்று மோட்டார் வாகன விதியும் கூறிற்று. 2018-ஆம் ஆண்டில் அவ்விதி திருத்தப்பட்டு, ஓர் ஓட்டுநரே போதும் என்றாயிற்று. கிளீனர் வேலைக்கு வரும் இளைஞர்களும் குறைந்துவிட்டனர். இதனால் வண்டியை ஓட்டுவது, டயர் மாற்றுவது, தார்ப்பாய் கட்டுவது, சரக்கைக் காவல் காப்பது, சீட்டுகளைக் காட்டுவது ஆகிய யாவும் ஒருவரின் பொறுப்பாகிவிட்டன. இரவில் வண்டியை நிறுத்தி உறங்கும்போதும் அவர் முழுமையாக உறங்குவதில்லை. டீசலையும் ஸ்டெப்னி டயரையும் திருடுவோர் உண்டு; பறிபோன பொருளின் விலை அவர் கணக்கில் பிடிக்கப்படுவதும் உண்டு.

உறக்கமும் கெடுவும்

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். நாமக்கல்லிலிருந்து தில்லி ஏறக்குறைய 2,400 கிலோ மீட்டர். பாரம் ஏற்றிய லாரி சராசரியாக மணிக்கு 40 கிலோ மீட்டர் செல்வதாகக் கொண்டால், 60 மணி நேரம் ஓட்ட வேண்டும். நாளுக்கு 8 மணி நேரம் ஓட்டினால் எட்டாம் நாள் சரக்குப் போய்ச் சேரும். ஐந்தே நாளில் வந்தாக வேண்டும் என்று கெடு விதிக்கப்பட்டால், ஒவ்வொரு நாளும் 12 மணி நேரம் ஓட்ட வேண்டும். அதுவும் வண்டி பழுதாகாமலும், சாலை அடைபடாமலும் இருந்தால்தான்.

இக்கணக்கு நமது கற்பனையன்று. 2020-ஆம் ஆண்டில் சேவ் லைஃப் பவுண்டேஷன் என்ற நிறுவனம், பத்துப் போக்குவரத்து மையங்களில் 1,200-க்கு மேற்பட்ட ஓட்டுநர்களை விசாரித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. அவர்கள் சராசரியாக நாளுக்கு ஏறத்தாழ 12 மணி நேரம் ஓட்டுவதாகவும், களைப்போ தூக்கமோ மேலிட்ட நிலையிலும் ஓட்டுவதாக ஏறக்குறையப் பாதிப்பேர் ஒப்புக்கொண்டதாகவும் அதில் காணப்படுகிறது. தம் உற்றார் எவரும் இத்தொழிலுக்கு வருவதைத் தாம் விரும்பவில்லை என்று நூற்றுக்கு 84 பேர் தெரிவித்தனர். ஒரு தொழிலில் உள்ளவர்களே அதைத் தம் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று கூறுவார்களாயின், அதன் நிலையை விளக்க வேறு சான்று வேண்டுவதில்லை.

மனித உடல் இரவில் உறங்கும் இயல்பினது. பின்னிரவு இரண்டு மணி முதல் விடியற்காலை ஐந்து மணி வரை விழிப்பு மிகவும் தாழ்கிறது. அந்நேரத்தில் கண் திறந்தபடியே மூளை மூன்று நான்கு விநாடிகள் உறங்கிவிடக்கூடும். உறங்கினோம் என்பதையும் ஓட்டுநர் அறியார். மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் செல்லும் லாரி நான்கு விநாடியில் 66 மீட்டர் ஓடிவிடும். இருபது டன்னுக்கு மேற்பட்ட பாரம் ஆளில்லாமல் 66 மீட்டர் ஓடுவதற்கு ஒப்பானது இது. தேநீரும், வெற்றிலை பாக்கும், புகையிலையும் தூக்கத்தைச் சற்று ஒத்திப்போடுமேயன்றிப் போக்கமாட்டா. உறக்கத்திற்கு உறக்கமே மருந்து.

சீட்டுகளின் கெடுவும் ஓட்டுநரை விரட்டுகிறது. சரக்குடன் செல்லும் மின்னணு வழிச்சீட்டு, 2020-ஆம் ஆண்டு முடிய, நூறு கிலோ மீட்டருக்கு ஒரு நாள் செல்லுபடியாயிற்று. 2021 ஜனவரி முதல் 200 கிலோ மீட்டருக்கு ஒரு நாள் என்று மாற்றப்பட்டது. கெடுவை நீட்டிக்க வழியுண்டு. ஆயினும், அதைச் செய்ய வேண்டியவர் எங்கோ அலுவலகத்தில் இருக்கிறார். காலாவதியான சீட்டுடன் சோதனைக்கு ஆளாகிறவர் ஓட்டுநரே.

பாரமும் பிரேக்கும்

வேகம் இருமடங்கானால் மோதலின் விசை நான்கு மடங்காகிறது. பாரம் கூடினால் அதற்கேற்ப விசையும் கூடுகிறது. அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய லாரியில் டயர் வெடிக்கும், ஆக்சில் முறியும், திருப்பத்தில் வண்டி சாயும், யாவற்றினும் மேலாக, பிரேக் தன் வலிமையை இழக்கும்.

தருமபுரி மாவட்டத்துத் தொப்பூர் கணவாயை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். பெங்களூரிலிருந்து சேலம் நோக்கி வரும் நெடுஞ்சாலை அவ்விடத்தில் வளைந்து வளைந்து நீண்ட சரிவாக இறங்குகிறது. 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் அங்கே லாரிகள் கட்டுமீறி முன்சென்ற வாகனங்களின்மீது மோதியதால் உயிர்ச்சேதங்கள் நேர்ந்தன.

சரிவில் டீசலை மிச்சப்படுத்தும் எண்ணத்துடன் சிலர் வண்டியை நியூட்ரலில் விடுகின்றனர். கியரில் இருக்கும்போது எஞ்சினே சக்கரத்தைப் பிடித்து வேகத்தைக் கட்டுப்படுத்தும். நியூட்ரலில் விட்டால் அப்பிடிப்பு நீங்கி, முழுப் பாரமும் பிரேக்கின்மீது விழுகிறது. இடைவிடாமல் பிரேக்கை மிதிக்கும்போது டிரம்மும் லைனிங்கும் கொதித்துப் பிடிப்பை இழக்கின்றன. எஞ்சினையே நிறுத்திவிட்டாலோ, காற்றழுத்தம் நிரம்புவதும் நின்றுவிடும், ஸ்டியரிங்கும் இறுகிவிடும். ஏறுவதற்கு எந்தக் கியர் தேவையோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்பது பழைய ஓட்டுநர்கள் கற்பிக்கும் பாடம். ஆனால், டீசல் மிச்சம் பிடித்தால்தான் கையில் நாலு காசு தங்கும் என்ற ஏற்பாடு நீடிக்கும் வரை, அப்பாடம் சரிவில் மறக்கப்படும்.

வெப்பமும் ஒரு காரணம். எஞ்சினுக்கு அருகில், கோடைக்காலத்தில், தகரக் கூண்டினுள் பன்னிரண்டு மணி நேரம் அமர்ந்திருப்பவரின் களைப்பைக் கூறவேண்டியதில்லை. 2025 அக்டோபர் முதல் தேதிக்குப் பின் தயாராகும் நடுத்தர, கனரகச் சரக்கு லாரிகளின் ஓட்டுநர் அறையில் குளிர்சாதனம் இருத்தல் வேண்டும் என்று மத்திய அரசு விதித்துள்ளது வரவேற்கத்தக்கது. எனினும், அதற்கு முன் தயாரான லாரிகள் இன்னும் பல ஆண்டுகள் சாலையில் ஓடும் என்பதையும் மறத்தலாகாது.

நின்ற லாரியும் எமனே

ஓடும் லாரியைக் கண்டு ஒதுங்கும் நாம், நின்ற லாரியைக் கண்டு அஞ்சுவதில்லை. நாட்டில் நிகழும் சாலை விபத்து வகைகளில் பின்புறம் மோதும் விபத்தே மிகுதி. இரவில் விளக்கின்றி ஓரத்தில் நிற்கும் லாரியின்மீது மோட்டார் சைக்கிளில் வருவோர் மோதி மாள்வது நமது கிராமங்கள் நன்கறிந்த துயரம்.

லாரி ஏன் ஓரத்தில் நிற்கிறது? உறக்கம் வந்த இடத்தில் நிறுத்துமிடம் இல்லை. பெட்ரோல் பங்கில் இடம் நிரம்பிவிட்டது. அல்லது டயர் வெடித்துவிட்டது. லாரியின் முன்புறம் வெண்மை, பின்புறம் சிவப்பு, பக்கங்களில் மஞ்சள் என ஒளியைத் திருப்பி அனுப்பும் பட்டைகள் ஒட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. சேறும் புழுதியும் படிந்த பட்டை பயன் தராது. கரும்பு ஏற்றிய நமது டிராக்டர் டிரெய்லர்களில் பட்டையே இல்லாதவை எத்தனை என்பதை நாமே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

சட்டம் கூறுவது

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. நாளுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என வேலை நேரத்தை அது வரையறுத்தது. நெடுந்தூர வழிகளில் அனுமதியுடன் நாளுக்கு 10 மணி, வாரத்திற்கு 54 மணி வரை இடமளித்தது. ஐந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்துள்ள நிறுவனங்களுக்கே அச்சட்டம் உரியதாயினும், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் அதே வேலை நேரத்தைப் போக்குவரத்து வாகன ஓட்டுநர் யாவருக்கும் பொருந்துமாறு செய்தது. 1961-ஆம் ஆண்டுச் சட்டம் பின்னர் 2020-ஆம் ஆண்டுத் தொழிற் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இணைக்கப்பட்டு, அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. நாளுக்கு 8 மணி என்ற அளவு அதிலும் இடம்பெற்றுள்ளது.

ஆகவே, குறை சட்டத்தில் இல்லை, கணக்கெடுப்பில் இருக்கிறது. ஓட்டுநர் எத்தனை மணி நேரம் ஓட்டினார் என்று பதிவு செய்யும் கருவி நமது லாரிகளில் பொதுவாக இல்லை. பாரத்தை எடைமேடை காட்டிவிடும்; வேகத்தைக் கருவி காட்டிவிடும்; உறக்கமின்மையைக் காட்டுவதற்கு விபத்தைத் தவிர வேறு அளவுகோல் ஏற்படவில்லை. அதிகப் பாரத்திற்கு 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அபராதம் ரூ.20,000, மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் ரூ.2,000. களைத்தவரை மேலும் ஓட்டும்படி நெருக்குபவருக்கு இத்தகைய அபராதம் விதிக்கப்பட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

விபத்து நேர்ந்த இடத்தில்

விபத்துக்குப் பின் ஓட்டுநர் தப்பி ஓடுவதை நாம் வெறுக்கிறோம். அடிபட்டவரை விட்டு ஓடுவது குற்றமே. 2024 ஜனவரியில் நாட்டின் பல பகுதிகளில் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்ததும் இது தொடர்பாகவே. விபத்தைத் தெரிவிக்காமல் தப்பியோடுபவருக்குப் பத்தாண்டு வரை சிறை என்ற புதிய குற்றவியல் சட்டப் பிரிவை அவர்கள் எதிர்த்தனர். 2024 ஜூலை முதல் தேதி புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, அப்பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது.

அவர்கள் கூறிய காரணம் ஒன்றே: “நின்றால் ஊரார் அடித்துக் கொன்றுவிடுவார்கள்.” இவ்வச்சம் வீணானதன்று என்பதை மோட்டார் வாகனச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது ஓட்டுநரின் கடமை என்று கூறும் 134-ஆம் பிரிவு, கூட்டத்தின் ஆத்திரத்தால் அது இயலாத நிலைக்கு விலக்கு அளித்திருக்கிறது. நமது கிராமத்தார் கை ஓங்கும்போது, அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்க வேண்டிய இரண்டு கரங்களையும் சேர்த்தே விரட்டிவிடுகிறோம். ஓட்டுநரைக் காவல் துறையிடம் ஒப்படைப்பதே முறை. தண்டிப்பது நீதிமன்றத்தின் வேலை.

மற்றோர் அச்சம் உதவுவோரிடம் உள்ளது. “சாட்சிக்கு அலைய வேண்டுமே” என்று தயங்குவோர் பலர். நல்லெண்ணத்துடன் உதவுவோருக்கு 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்பு அளிக்கிறது. பெயரைத் தெரிவிக்கும்படி அவரைக் கட்டாயப்படுத்தலாகாது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கப்பட்டது. மத்திய அரசு 2025 மே மாதத்தில் அறிவித்த திட்டத்தின்கீழ் ஏழு நாள் வரை ரூ.1.5 லட்சம் அளவுக்குச் சிகிச்சை பெறலாம். மோதிய வாகனம் அடையாளம் தெரியாமல் தப்பிவிட்டாலும், மரணத்திற்கு ரூ.2 லட்சமும் கொடுங்காயத்திற்கு ரூ.50,000-மும் இழப்பீடு கோர வழியுண்டு. இவற்றை அறியாத குடும்பங்கள் நிலத்தையும் நகையையும் விற்றுச் செலவிடுகின்றன.

கிராமம் செய்யத்தக்கவை

நெடுஞ்சாலையை ஊராட்சி அமைக்கவில்லை. லாரி வாடகையையும் ஊராட்சி நிர்ணயிக்க இயலாது. ஆயினும், நமது கைக்கு எட்டிய பணிகள் சில உள.

முதலாவதாக, கிராம சபையில் விபத்துக் கணக்கைப் படிக்க வேண்டும். ஏறத்தாழ 500 மீட்டர் நீளத்தில், மூன்று ஆண்டுகளில், மரணமோ கொடுங்காயமோ விளைத்த விபத்துக்கள் ஐந்து நிகழ்ந்திருந்தாலும், மரணங்கள் பத்து நிகழ்ந்திருந்தாலும், அவ்விடம் தேசிய நெடுஞ்சாலையில் விபத்துக் கரும்புள்ளி எனக் கொள்ளப்படும். தேதியும் இடமும் குறித்துத் தீர்மானம் நிறைவேற்றி, மாவட்ட ஆட்சித் தலைவரின் தலைமையில் இயங்கும் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு அனுப்பினால், அது வெறும் முறையீடாக இராமல் ஆதாரமாக அமையும்.

இரண்டாவதாக, கிராமச் சாலை நெடுஞ்சாலையில் சேருமிடத்தில் விளக்கு எரிய வேண்டும். கிளைச் சாலையில் வேகத்தடை இருக்க வேண்டும். பார்வையை மறைக்கும் சீமைக் கருவேல முட்களை அகற்ற வேண்டும். நடுத்திட்டை உடைத்துக் குறுக்குவழி ஏற்படுத்துவதும், திரும்புமிடம் தொலைவு என்று எதிர்த்திசையில் வண்டி ஓட்டுவதும் நாமே விரித்துக்கொள்ளும் வலைகள்.

மூன்றாவதாக, எள், கொள்ளு, சோளம் முதலியவற்றைச் சாலையில் பரப்பிச் சக்கரத்தில் மிதிபடச் செய்யும் வழக்கத்தை விட வேண்டும். உலர்களம் உள்ள ஊர் அதைப் பயன்படுத்துக. இல்லாத ஊர் கோரிப் பெறுக. இரவில் கால்நடைகளைச் சாலையில் திரிய விடலாகாது. டிராக்டர் டிரெய்லர்களுக்கு ஒளிப் பட்டை ஒட்டுவதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பமே.

நான்காவதாக, 108 ஆம்புலன்சு எண்ணையும், தேசிய நெடுஞ்சாலை உதவிக்கான 1033 என்ற எண்ணையும் சாலையோரக் கடைகளின் சுவரில் எழுதி வைக்கலாம். இளைஞர்களும் மகளிர் சுய உதவிக் குழுவினரும் முதலுதவி கற்றுக்கொள்ளுதல் நலம்.

ஐந்தாவதாக, ஊரில் உள்ள ஓட்டுநர்களைப் பற்றி நாம் கவலை கொள்ள வேண்டும். அவர்கள் ஊரில் தங்கும் திருவிழாக் காலத்தில் கண் பரிசோதனையும், இரத்த அழுத்தம், சர்க்கரை பரிசோதனையும் நடத்த ஆரம்ப சுகாதார நிலையத்தைக் கோரலாம். அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கென மாநிலத்தில் தனி நலவாரியம் உள்ளது. அதில் பதிவு செய்தவரின் குடும்பம் விபத்துக் காலத்தில் உதவி கோரலாம். பிள்ளைகளின் கல்விக்கும் உதவி பெறலாம். பதிவைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டுப் பின்னர் வருந்துவோர் பலர். ஓட்டுநர் மாதக் கணக்கில் வெளியூரில் இருப்பதால், இப்பணியை வீட்டிலுள்ள மாதர்களே முன்னின்று செய்தல் வேண்டும்.

லாரி உரிமையாளர்களுக்கும் சரக்கு அனுப்புவோருக்கும் ஒரு சொல்: தூரத்தை எட்டு மணி நேர ஓட்டத்தால் வகுத்து, அதன்படி கெடு விதியுங்கள். ஒரு நாள் தாமதத்தால் ஏற்படும் நஷ்டத்தை அடுத்த நடையில் ஈடு செய்யலாம். போன உயிரை எந்த நடையிலும் ஈடு செய்ய இயலாது.

உழுபவனின் உழைப்பை நாம் போற்றுகிறோம்; அவன் விளைவித்ததைச் சந்தையில் சேர்ப்பவனின் உழைப்பும் அதனோடு ஒத்ததே. நவம்பர் முதல் தேதி, ஜனவரி 26 போன்ற நாட்களில் கிராம சபை கூடும்போது, குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றோடு சாலைப் பாதுகாப்பையும் ஒரு பொருளாகச் சேர்த்துக்கொள்ளுமாறு ஊராட்சிகளைக் கேட்டுக்கொள்கிறோம். தீர்மானப் புத்தகத்தில் ஒரு பக்கம் அதற்கென ஒதுக்கப்படுமாயின், வருங்காலத்தில் சில வீடுகளிலேனும் விளக்கு அணையாமல் எரியும்.